நித்திரைக்கு யார் சாட்சி?

தன் காயத்தைத் தானே காணாத ஒருவன் அதற்காக நட்டஈடு கேட்டால், அவனிடம் எவ்வளவு ஆதாரம் கேட்பது நீதியாகும்?

நித்திரையில் மூச்சுத் தடைப்படும் நோய் இந்தக் கேள்வியை எழுப்புகிறது. தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி மூடிக்கொள்கிறது. பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கிறது. பின் மூளை உடலை உலுப்பி எழுப்ப, மூச்சுத் திரும்புகிறது. மணித்தியாலத்துக்கு 30 தடவையோ அதற்கு மேலோ இவ்வாறு நடந்தால் நோய் கடுமையானது என்பர் மருத்துவர்கள். விடிந்தபின் அவனுக்கு எதுவும் ஞாபகமில்லை. பகலில் கண் சொக்குகிறது, தலை கனக்கிறது. இரவு நடந்தது தெரிந்தவள் பக்கத்தில் விழித்துக் கிடந்த மனைவி மட்டுமே.

அமெரிக்காவில் முன்னாள் படையினர் பலர் இந்நோய்க்காக அங்கவீனக் கொடுப்பனவு கோருகின்றனர். நோய் இப்போது இருக்க வேண்டும். சேவைக்காலத்தில் அதற்கொரு தொடக்கம் இருக்க வேண்டும். இரண்டுக்கும் தொடர்பு காட்ட வேண்டும். மூச்சுக்கு உதவும் இயந்திரம் அவசியமானால் 50 சதவீத அங்கவீனமாகக் கணிப்பது அங்குள்ள விதி. அவ்வியந்திரத்தை அவுஸ்திரேலியாவில் கொலின் சலிவன் அறிமுகப்படுத்தியது 1981இல். நோய்க்கே மருத்துவ உலகில் நிலையான பெயர் கிடைத்தது 1970களில்தான். அப்படியானால் 1968இல் வியட்நாமில் இருந்தவனின் மருத்துவக் கோவையில் அந்தப் பெயரைத் தேடி என்ன பயன்? இதனால்தான் குறட்டையையும் மூச்சுத் திணறலையும் நேரில் கண்ட மனைவியின், கூடப் படுத்த தோழனின் எழுத்து வாக்குமூலம் அங்கு ஏற்கப்படுகிறது. நோயைத் தீர்மானிக்க மட்டும் மருத்துவர் வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. இயந்திரத்தால் நன்றாகத் தூங்குபவனுக்கு ஏன் 50 சதவீதம் என்று கேட்கிறார்கள். சிகிச்சையின் பலனைப் பார்த்தே கணிக்க வேண்டுமென 2022இல் அந்நாட்டு அரசே ஒரு திருத்தத்தை முன்மொழிந்தது. இக்கேள்வியை நாம் ஒதுக்க முடியாது. பொதுப்பணம் ஓர் அமானிதம்.

உரிமை கோருபவனே ஆதாரம் காட்ட வேண்டும் என்பது பிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. தூங்குபவன் விழிக்கும்வரை அவன்மீது பொறுப்பில்லை என்பதும் நம் மார்க்கம் சொன்னதே. இரண்டையும் சேர்த்து எப்படி நடப்பது? படையினருக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும் உதவித்தொகை வழங்கப் பதிவேடு அமைத்தவர் கலீபா உமர் (ரழி). இரவில் உலா வந்தபோது, போருக்குப் போன கணவனை நினைத்து ஏங்கிய பெண்ணொருத்தியின் குரலைக் கேட்டு, தம் மகள் ஹப்ஸாவிடம் விசாரித்து, படையினர் வீட்டைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு எல்லை வகுத்தார் என்றும் வரலாறு சொல்கிறது. வீட்டுக்குள் பெண் அறிந்த இரவின் செய்தி அங்கே ஆட்சியின் விதியாயிற்று.

நம் நாட்டிலும் 12 வருட சேவை முடியுமுன் அங்கவீனமுற்று விலகிய படையினர் ஓய்வூதியம் கேட்டு 2016இல் கொழும்பு வீதிக்கு வந்தனர். படையினன் என்ற சொல் நம் எல்லோர் காதிலும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை என்பதை நான் அறிவேன். ஆயினும் அவனுடைய வழக்கில் எந்த நியாயத்தை ஏற்கிறோமோ, அதுவே நாளை மற்றவனுக்கும் அளவுகோலாகும்.

யட்டியாந்தோட்டையில் அந்த மற்றவன் தேயிலை ஸ்டோரில் இருக்கிறான். கொழுந்து இரவு முழுக்க வாடும். விடியுமுன்னரே அரைக்கத் தொடங்க வேண்டும். இராவேலையில் கண் சொக்கினால் அவன் சோம்பேறி. 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையின்போது நேரும் விபத்தையும், பட்டியலிலுள்ள தொழில் நோய்களையும் பார்க்கிறது. ரோலரில் கை அகப்பட்டால் அது பதிவாகும். அதற்கு முன் பல இரவுகள் அவன் மூச்சு நின்று நின்று ஓடியது எந்தப் பதிவிலும் வராது.

எனவே இரண்டு கேள்விகளைப் பிரிப்பதே நீதி என்று எனக்குத் தோன்றுகிறது. சிகிச்சைக்கு, நோய் உண்டென்ற ஆதாரம் போதும். அது யாரால் வந்ததென்று முடிவாகும்வரை மூச்சு காத்திராது. பணத்துக்குக் காரணமும் காட்டத்தான் வேண்டும். ஆனால் அவனுடைய காலத்தையும் உடலையும் பதிவு செய்யும் கோவை அரசிடமும் நிர்வாகத்திடமும் இருக்கும்போது, அந்தச் சுமை முழுவதையும் தூங்கியவன் தலையில் ஏற்றலாகாது. அந்தக் கோவையில் அவன் மனைவியின் சொல்லுக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.

சட்டம் மாற நாளாகும். அதுவரை, வேலையில் கண்ணயர்ந்தவனுக்குப் பட்டப்பெயர் வைக்குமுன், இரவில் அவன் எப்படி மூச்சு விடுகிறான் என்று அவன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்கலாம்.