பழகிப் போயிற்று!

மேலூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் என் அக்காள் வசிக்கிறாள். மாதம் ஒரு முறை அவளை மதுரைக்கு அழைத்து வந்து கண் வைத்தியரிடம் காட்டிவிட்டு, மாலையில் திரும்பக் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் அக்காள் இந்தப் பிரயாணத்துக்கு ஒரு தலையணையையும் கையோடு எடுத்துவர ஆரம்பித்தாள். பழைய இலவம்பஞ்சுத் தலையணை, பூப்போட்ட உறை. வண்டியில் ஏறியதும் அதை இடுப்புக்குப் பின்னால் செருகிக் கொள்வாள். "பாவம், அக்காளுக்கு வயதாகிவிட்டது" என்று நான் நினைத்துக் கொண்டேன். அனுதாபத்தில் ஒரு சௌகரியம் உண்டு. அதற்குக் காசு செலவில்லை.

என் வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எஸ்.யு.வி. என்று இப்போது சொல்கிறார்கள். நாங்கள் ஜீப் என்றே சொல்லிப் பழகியவர்கள். 2004-ல் வாங்கியது. தமிழ்நாட்டில் சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அப்படி 2019-ல் ஒரு தடவையும் 2024-ல் ஒரு தடவையும் புதுப்பித்தாயிற்று. அழைத்தால் உடனே கிளம்பும். நடுவழியில் நின்றது கிடையாது. இத்தனை ஆண்டுகளாக அதை ஓட்டியவன் நான் ஒருவன்தான். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

அந்தப் பெருமைக்கு ஒரு நாள் முடிவு வந்தது. வலது மணிக்கட்டில் சுளுக்கு விழுந்து என்னால் ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடியவில்லை. அக்காளின் மகன் ஊரிலிருந்து வந்திருந்தான், அவன் ஓட்டினான். நான் அக்காளுக்குப் பக்கத்தில், பின் ஆசனத்தில் உட்கார்ந்தேன். யோசித்துப் பார்த்தால், என் சொந்த வண்டியின் பின் ஆசனத்தில் நான் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை!

மேலூர் வரை நாற்கரச் சாலை, ஒன்றும் தெரியவில்லை. அதை விட்டு உள்ளூர்ச் சாலையில் இறங்கியதும் என் கல்வி ஆரம்பமாயிற்று. முதல் பள்ளத்தில் முதுகெலும்பில் யாரோ உலக்கையால் இடித்தது போல் இருந்தது. அந்த இடி அடங்குவதற்குள் வண்டியின் பின்புறம் மறுபடி எழும்பி விழுந்தது, மறுபடியும் எழும்பியது. வேகத்தடை ஒன்றைத் தாண்டியபோது நான் கூரையைக் கையால் தடுத்துக் கொண்டேன். அக்காள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலையணையை உருவி என் பக்கம் நீட்டினாள். "வச்சுக்கோ தம்பி. எனக்குப் பழகிப் போச்சு" என்றாள்.

அந்தத் தலையணையை நான் வாங்கிக் கொள்ளவில்லை. ஆனால் ஒரு கேள்வி என்னைப் பிடித்துக் கொண்டது. மூன்று ஆண்டுகளாக ஒருத்தியின் இடுப்பை நான் இடித்து வந்திருக்கிறேன். எனக்கு அது தெரியாது. தெரியாமல் செய்த தீங்குக்கு ஒருவன் பொறுப்பாளியா, இல்லையா?

"தெரியாது" என்ற பதில் சட்டென்று நாவில் வருகிறது. முன் ஆசனம் இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் இருக்கிறது. பின் ஆசனமோ ஏறக்குறையப் பின் சக்கரங்களின் தலைக்கு மேலேயே இருக்கிறது. மேலும், ஓட்டுகிறவன் பள்ளத்தை முன்கூட்டியே பார்க்கிறான். அவன் உடம்பு தன்னை அறியாமல் தயாராகிவிடுகிறது. பின்னால் இருப்பவர்களுக்கு அந்த முன்னறிவிப்பு கிடையாது. ஆகவே எனக்குத் தெரியாமல் போனதில் வியப்பில்லை என்று வாதாடலாம். நானும் என் மனத்துக்குள் வாதாடிப் பார்த்தேன். தீர்ப்பு எனக்குச் சாதகமாக வரவில்லை. மீதி வாதத்தைப் பட்டறையில் கேட்டேன்.

எங்கள் தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் பாய் பெரியவர், அதிகம் பேசமாட்டார். அவர் வண்டியின் பின் மூலையைக் காட்டி, "ஐயா, கையை வச்சு நல்லா அமுக்குங்க. அப்படியே விட்டுடுங்க" என்றார். சுளுக்கு இல்லாத கையால் அமுக்கிவிட்டேன். வண்டி எழும்பியது, இறங்கியது, மறுபடி எழும்பி, மறுபடி இறங்கியது. "ஒரு தரம் எழும்பி அடங்கிடணும். இது ஊஞ்சல் ஆடுது பாருங்க" என்றார். பிறகு டயரைத் தடவிப் பார்க்கச் சொன்னார். அது ஒரே சீராகத் தேயாமல் அலை அலையாகத் தேய்ந்திருந்தது. ஷாக் அப்சார்பரின் உடம்பில் எண்ணெய் கசிந்து, அதன் மேல் தூசி படிந்து, களிம்பாகக் காய்ந்திருந்தது. ரப்பர் புஷ்கள் வெடித்திருந்தன. அடையாளங்கள் எல்லாம் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தன. குனிந்து பார்ப்பவன்தான் இல்லை.

"எப்போதிலிருந்து இப்படி, பாய்?" என்று கேட்டேன்.

"இது ஒரு நாள்ல ஆனதில்லைங்க. ஒரு நாள்ல ஆகியிருந்தா நீங்க அன்னைக்கே ஓடி வந்திருப்பீங்க."

அந்த வாக்கியத்தில் ஒரு தத்துவம் அடங்கியிருக்கிறது. திடீரென்று வரும் கேட்டை மனிதன் கண்டுகொள்கிறான்; சிறுகச் சிறுக வரும் கேட்டுக்குத் தன்னைச் சரிசெய்து கொள்கிறான். நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் இருபது ஆண்டுகளுக்கு முந்திய வண்டிக்கும் இன்றைய வண்டிக்கும்தான். அந்தப் பழைய வண்டியை மறுபடி ஓட்டிப் பார்க்க யாராலும் முடியாது. நினைவில் இருக்கிறது என்று நாம் நம்புகிறோம். நினைவும் வண்டியோடு சேர்ந்தே தேய்ந்துவிடுகிறது.

பாய் இன்னொன்றும் விளக்கினார். இடியை வாங்கிக் கொள்வது ஷாக் அப்சார்பர் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அதன் பெயரும் அப்படித்தான் சொல்கிறது. உண்மையில் இடியை வாங்கிக் கொள்வது ஸ்பிரிங். என் வண்டிக்கு முன்பக்கம் முறுக்குக் கம்பி, பின்பக்கம் பட்டை. ஆனால் ஸ்பிரிங்கின் சுபாவம், வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது. அதை அதன் போக்கில் விட்டால் ஆடிக்கொண்டே இருக்கும். ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெயும், சிறு துளைகளுள்ள ஒரு பிஸ்டனும் இருக்கின்றன. எண்ணெய் அந்தத் துளைகளின் வழியே நெருக்கிப் பிதுங்கும்போது ஆட்டம் வெப்பமாக மாறி அடங்கிவிடுகிறது. கரடு முரடான சாலையில் ஓடிவந்த வண்டியில் அதைத் தொட்டுப் பார்த்தால் சுடும். வாங்கிக் கொள்ள ஒன்று, அடக்க ஒன்று, இரண்டும் வேண்டும்.

அடங்காத ஆட்டத்தால் பின்னால் இருப்பவர்களின் இடுப்பு மட்டும் கெடுவதில்லை. துள்ளுகிற சக்கரம் ஒரு கணம் தரையை விட்டு விலகுகிறது. தரையில் படியாத சக்கரத்தைப் பிரேக் பிடித்து நிறுத்தினாலும் வண்டி நிற்காது. இதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே நடுக்கம் எடுத்தது. நான் அக்காளை மட்டுமே நினைத்துக் கொண்டிருந்தேன். மூன்று ஆண்டுகளாக என் வண்டிக்கு முன்னால் சாலையைக் கடந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளை நினைக்கவில்லை.

சாலை பொதுச் சொத்து என்பதை நிலைநாட்டப் பெரிய போராட்டங்கள் நடந்திருக்கின்றன. அந்தக் காலத்தில் மாட்டு வண்டிகளிலேயே சாதி இருந்தது. பாரம் ஏற்றக் கட்டை வண்டி. பெரிய மனிதர்கள் போகப் பட்டை ஸ்பிரிங் வைத்த வில்வண்டி. 1893-ஆம் ஆண்டில் திருவிதாங்கூரில் அய்யன்காளி ஒரு வில்வண்டியில் ஏறி, தம் மக்கள் நடக்கக்கூடாதென்று விலக்கி வைத்திருந்த பொதுச் சாலையில் ஓட்டிச் சென்றார். இடுப்பு நோகாத பிரயாணம் சிலருக்கு மட்டுமே உரியது, சாலையும் அவர்களுக்கே உரியது என்ற எண்ணத்தை அவர் அந்தச் சக்கரங்களால் உடைத்தார். அந்த உரிமை எல்லோருக்கும் வந்துவிட்ட காலத்தில், அதே சாலையில் ஆடிக் கொண்டு ஓடும் ஒரு வண்டியை எந்த நியாயத்தோடு விடுவது?

ஆனால் என் மருமகன் கணக்குப் போடத் தெரிந்த பிள்ளை. நான்கு ஷாக் அப்சார்பர், புஷ்கள், ஆட்டம் கண்ட பால் ஜாயின்டுகள், கூலி எல்லாம் சேர்ந்து முப்பதாயிரத்தை நெருங்கியது. "மாமா, வண்டியை வித்தா என்ன கிடைக்கும்? அதுல அஞ்சில ஒரு பங்கை இதுல போடறதா?" என்றான். தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல. வண்டியைப் பொருளாகப் பார்த்தால் அவன் சொன்னதுதான் சரி. ஆனால் இந்தச் செலவு வண்டிக்குச் செய்யும் செலவல்ல. அதில் உட்காருகிறவர்களுக்கும் அதன் எதிரே வருகிறவர்களுக்கும் செய்யும் செலவு. சாலையைக் கடக்கிற பிள்ளைக்கு என் வண்டியின் விற்பனை விலை தெரியாது. அந்தச் செலவு எனக்குக் கட்டாது என்றால் வண்டியை நிறுத்திவிட வேண்டும். பழுதை வைத்துக் கொண்டு ஓட்டும் உரிமை மட்டும் எனக்கில்லை.

தோற்ற மருமகன் எதிர்த்திசையில் புறப்பட்டான். "செய்யறதுதான் செய்றோம், பந்தய வண்டிக்குப் போடற கெட்டி ஷாக்காப் போட்டு, ரெண்டு அங்குலம் தூக்கிடலாம் மாமா. பார்க்கவே கம்பீரமா இருக்கும்!" எனக்கும் ஒரு கணம் சபலம் தட்டியது. பாய் சிரித்துக் கொண்டே, "தினம் வண்டியில என்ன ஏத்துவீங்க?" என்று கேட்டார். நான், அக்காள், எப்போதாவது அரை மூட்டை அரிசி. "அப்போ கம்பெனிக்காரன் முதல்ல வச்ச அளவே போதுங்க. தூக்கினா வண்டி வளைவில் சாயும். கெட்டியாப் போட்டா அம்மாவுக்கு மறுபடி தலையணை வேணும்."

பிரான்ஸில் சித்ரோயன் கம்பெனியார் எளிய குடியானவர்களுக்காக ஒரு கார் செய்ய நினைத்தபோது, ஒரு கூடை முட்டையோடு உழுத வயலைக் கடந்தாலும் முட்டை உடையக் கூடாது என்று அதன் துணைத் தலைவராக இருந்த பூலான்ஷே நிபந்தனை விதித்தாராம். 1948-ல் வெளிவந்த அந்த 2சிவி கார் 1990 வரை உற்பத்தியில் இருந்தது. அவர் கம்பீரத்தைக் கேட்கவில்லை. முட்டைக்காரியின் பிழைப்பைக் கேட்டார். எதைச் சுமக்கிறோம் என்று தெரிந்தவனுக்குத்தான் எவ்வளவு போதும் என்பதும் தெரியும்.

வேலை இரண்டு நாள் நடந்தது. ஒரே அச்சில் இடது பக்க ஷாக்கை மாற்றினால் வலது பக்கத்தையும் மாற்றியாக வேண்டும் என்றார் பாய். ஒன்று புதிது, ஒன்று கிழடு என்றால் வண்டி ஒரு பக்கமாக இழுக்குமாம். எல்லாவற்றையும் பூட்டிய பிறகும் புஷ்களின் போல்ட்டுகளை அவர் இறுக்கவில்லை. ஜாக்கியை இறக்கி, வண்டி தன் பாரத்தைத் தானே தாங்கித் தரையில் நின்ற பிறகுதான் அடியில் புகுந்து இறுக்கினார். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் முறுக்கிக் கொண்டு சீக்கிரமே கிழிந்துவிடுமாம். நம் தீர்மானங்கள் பலவற்றை நாம் அந்தரத்தில் இருக்கும்போதே இறுக்கி விடுகிறோம் என்று நினைத்துக் கொண்டேன். பிறகு சக்கரங்களின் நேர்மையைச் சரிபார்த்து வண்டியைக் கொடுத்தார்.

பழகிப் போவதைப் பொறுமை என்று நாம் புகழ்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. சாலையின் பள்ளம் உலகத்தின் குறை. அதைத் தாங்குவது பொறுமை. தேய்ந்த ஷாக் அப்சார்பர் என்னுடைய குறை. அதை இன்னொருத்தி தாங்கினால், பொறுமை அவளுடையது, குற்றம் என்னுடையது. தெரியாமல் செய்த தீங்குக்குப் பொறுப்பு உண்டா என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான்: இடம் மாறி உட்கார்ந்தால் தெரிந்திருக்கும் என்றால், பொறுப்பு உண்டு.

அடுத்த மாதம் அக்காள் தலையணையோடுதான் வந்தாள். மேலூர் தாண்டி உள்ளூர்ச் சாலையில் இறங்கினோம். பெரிய பள்ளங்கள் இப்போதும் தெரிந்தன. ஆனால் ஒரு முறை இறங்கி, ஒரு முறை எழும்பி, வண்டி அடங்கிவிட்டது. சிறிது நேரத்துக்குப் பிறகு கண்ணாடியில் பார்த்தேன். தலையணை அவள் மடியில் இருந்தது.

"ரோடு போட்டுட்டாங்களா தம்பி?" என்று கேட்டாள்.

"ரோடு பழசுதான் அக்கா. வண்டியைத்தான் சரி பண்ணினேன். முதுகு நோகுதுன்னு நீ அப்பவே சொல்லியிருக்கலாமே?"

அவள் தலையணையின் உறையை நீவிக் கொண்டே, "நீ கேட்கலையே தம்பி" என்றாள்.

அதில் கோபம் இல்லை, குறைகூடச் சொல்லவில்லை. இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மருமகன் ஊருக்கு வரும்போதெல்லாம், சாவியை அவனிடம் கொடுத்துவிட்டுப் பின் ஆசனத்தில் போய் உட்கார்ந்து கொள்கிறேன்.