பூசலார் கிணறு ஏன் வெட்டினார்?



போன மாதம் எங்கள் கோயில் சமய வகுப்பில் ஒரு வேலை கொடுத்தேன். "பூசலார் நாயனாரைப் பத்தி ஒரு பக்கம் எழுதுங்க" என்றேன். மற்றவர்கள் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, படிவம் நான்கு படிக்கும் ஒரு தம்பி போனை நீட்டிவிட்டான். படித்துப் பார்த்தேன். ஊர் பெயர் சரி, அரசன் பெயர் சரி, நமக்கே சில நேரம் தடுமாறும் ஒற்றெழுத்துகூடச் சரி! "யாருப்பா எழுதினது?" என்று கேட்டேன். நல்ல பிள்ளை, மறைக்கவில்லை. "சாட்ஜிபிடி ஐயா. நான் நாலு வார்த்தைதான் கொடுத்தேன்."

நான் திட்டவில்லை. கோயில் கடிதத்தை மலாயில் எழுத நானும் அதைத்தானே கேட்கிறேன்! ஆனால் அவன் எடுத்த நாயனார் பூசலாராகப் போய்விட்டார். அதுதான் வேடிக்கை.

பூசலார் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தொண்டை நாட்டுத் திருநின்றவூர்க்காரர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டுப் பணம் தேடினார். எங்கெங்கோ அலைந்தும் கிடைக்கவில்லை. சரி, மனசுக்குள்ளேயே கட்டிவிடுவோம் என்று உட்கார்ந்தார்.

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். மனசுக்குள் கட்டுவதுதானே? கண்ணை மூடினால் ஆயிரங்கால் மண்டபம் வந்து நிற்காதா? நினைத்த மாத்திரத்தில் ஏழு நிலைக் கோபுரம் எழும்பாதா? யார் வந்து கணக்குக் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அவர் அப்படிச் செய்யவில்லை. மனசுக்குள்ளேயே சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். கல்லும் மரமும் தேடினார். தச்சர்களை அழைத்தார். ஆகம முறைப்படி நல்ல நாள் பார்த்து அடித்தளம் போட்டார். இரவில்கூடத் தூங்கவில்லையாம். விமானம் எழுப்பி, சிகரம் வைத்து, சுதை வேலை முடித்து, மதில் கட்டி, குளம் தோண்டி, கிணறும் வெட்டினார்.

மனசுல கட்டுற கோயிலுக்குக் கிணறு எதுக்குங்க? நான் சின்ன வயசில் இந்த இடத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. அபிஷேகத்துக்குத் தண்ணீர் வேண்டாமா என்று அந்த மனுசன் கவலைப்பட்டிருக்கிறார். அந்தக் கவலைதான் அவர் கட்டிய கோயில்.

அதே நேரம் காஞ்சியில் காடவர்கோன் நிஜக் கல்லில் பெரிய கோயில் கட்டி, குடமுழுக்குக்கு நாள் குறித்திருந்தான். கயிலாசநாதர் கோயில் கட்டிய ராஜசிம்மப் பல்லவன்தான் இவன் என்று ஆய்வாளர் பலர் சொல்வார்கள். அவன் கனவில் இறைவன் வந்து, 'அன்றைக்கு நான் நின்றவூரில் பூசல் கட்டிய கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் வைத்துக்கொள்' என்று சொல்லிவிட்டான். அரசன் ஓடி வந்து பார்த்தால் ஊரில் அப்படி ஒரு கோயிலே இல்லை. ஒரு ஏழை அந்தணர் மட்டும் இருந்தார். அரசன் அவர் காலில் விழுந்தான். இன்றைக்கும் திருநின்றவூரில் சுவாமிக்குப் பெயர் இருதயாலீசுவரர்.

இந்தக் கதை நம் கைக்கு வந்த விதமும் ஒரு கதை. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் 11 பாடல்களுக்குள் அடியார்களை எல்லாம் சொல்லி வணங்கிவிட்டார். பூசலாருக்குக் கிடைத்தது சில சொற்கள்தான். பிறகு நம்பியாண்டார் நம்பி கொஞ்சம் விரித்தார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சோழனிடம் அமைச்சராக இருந்தவர், வேலையை விட்டுவிட்டுத் தில்லைக்குப் போய் உட்கார்ந்தார். முதல் சொல்லை நடராசப் பெருமானே எடுத்துக் கொடுத்தான் என்பது மரபு. சரி, கொடுத்தவன் முழுப் புராணத்தையும் கொடுத்திருக்கலாமே! அவனால் முடியாதா? ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டான். மிச்சம் 4,000க்கும் மேற்பட்ட பாடல்களைச் சேக்கிழார்தான் ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்து பாடினார்.

நம்ம தம்பி நாலு வார்த்தை கொடுத்து மிச்சத்தை வாங்கிக்கொண்டான். தில்லையில் நடந்தது அப்படியே தலைகீழ். இதைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான். ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. "பாட்டி எங்கப்பா பொறந்தாங்க?" என்றேன்.

"பேராக்ல ஒரு ரப்பர் தோட்டம் ஐயா. இப்ப இல்ல, வித்துட்டாங்க."

"அங்க கோயில் இருந்துச்சா?"

"இருந்துச்சாம். உடைச்சிட்டாங்கன்னு சொல்வாங்க."

"அதையும் உன் போன்லயே கேளேன்."

தட்டினான். அழகாகத்தான் பதில் வந்தது. தோட்டத் தொழிலாளர்கள் பக்தியோடும் ஒற்றுமையோடும் எழுப்பிய ஆலயம் என்று போட்டிருந்தது. எந்தத் தோட்டத்துக்கும் பொருந்தும், எந்தக் கோயிலுக்கும் பொருந்தும். அவன் பாட்டியின் கோயில் மட்டும் அதில் இல்லை. யாரும் எழுதி வைக்காததை அது எங்கே போய்த் தேடும்?

நம் நாட்டில் எத்தனையோ கோயில்கள் அப்படித்தான் வந்தன. மரத்தடியில் முதலில் ஒரு கல்லோ சூலமோ. பால் மரம் வெட்டியவர்கள் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவைத்து, பிறகு ஒரு தகரக் கூரை. அந்தக் கூரைக்கு முதல் காசு யார் போட்டார், ஆணி அடித்தது யார், கரகம் தூக்கியது யார் என்பதெல்லாம் சில கிழவிகளின் வாயில்தான் இன்னும் இருக்கிறது. தோட்டம் போனது. கோயில் போனது. அந்த வாயும் எத்தனை நாளைக்கு?

"கட்டுரை வேண்டாம்பா. பாட்டிகிட்ட உட்கார்ந்து கேட்டு, உன் கையால எழுதிட்டு வா" என்றேன். முகத்தைச் சுளித்தான். பாட்டிக்கு 84 வயதாம், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வார்களாம். "அதையும் சேர்த்து எழுது" என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு வந்தான். பயிற்சிப் புத்தகத்தில் அரைப் பக்கம். ஒற்றுப்பிழை ஏழெட்டு இருக்கும். ஆனால் அதில் ஒரு கிணறு இருந்தது! காளியம்மன் கோயிலுக்குப் பின்னால் பாட்டியின் அப்பா வெட்டியதாம். பிரட்டுக்குப் போகிற நேரத்துக்கு முன்னால், இருட்டில், லாந்தர் வைத்துக்கொண்டு.

"தண்ணி வந்துச்சா?" என்று பின்னால் இருந்து ஒரு பெண் கேட்டாள்.

"தெரியல. அதுக்குள்ள பாட்டி தூங்கிட்டாங்க. இந்த வாரம் கேக்கணும்" என்றான்.