யாருடைய மருந்து?

பூனையின் ரத்தப் புற்றில் வைரஸ் துகள்கள் இருப்பதை கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரட் குழுவினர் 1964ல் கண்டனர். அதே வருஷம் அமெரிக்காவில் ஜெரோம் ஹார்விட்ஸ் மனிதப் புற்றுக்கென்று உருவாக்கிய ஸிடோவுடின், எலிகளிடம் தோற்று மூலையில் கிடந்தது. 1987ல் எய்ட்ஸ் மருந்தாகத் திரும்பி வந்தது. இன்று சில மருத்துவர்கள் அதையே இந்தப் பூனைகளுக்கும் எழுதித் தருகிறார்கள். வைரஸை அது விரட்டுவதில்லை. பலனும் நிச்சயமில்லை.

என்னை உறுத்துவது வேறு. இந்நோய் ரத்தசோகையைத் தரும், மருந்தும் தரும். ஈறு வெளுத்தால், வெளுக்கச் செய்தது நோயா நம் அன்பா என்று பார்த்துச் சொல்ல முடியாது. மனித நோயாளி 'போதும்' என்பான். பூனை கீறும். அதை மறுப்பு என்று படிக்காமல் கசப்பு என்று படித்துக்கொள்கிறோம்.

வைத்தியத்துக்குப் பின்னால் லாபம் இருந்தால் அதுவாவது வெளியில் தெரியும். நாமக்கல் பண்ணைகளில் கோழிக்குத் தடுப்பூசி போடுவது முட்டைக்காக, யாரும் ஒளிப்பதில்லை. இங்கே ஆட்டையாம்பட்டியில் முறுக்கு சுடுகிற வீட்டுத் திண்ணையில் தூங்கும் பூனையால் யாருக்கும் வரும்படி இல்லை, ஆகவே அதற்குச் செய்வது சுயநலமற்றது என்றார் நண்பர். நான் ஏற்கவில்லை. இன்னும் சில மாதங்கள் அது நம் மடியில் கிடக்கும் என்பது வரும்படிதான். முதல் மாதம் வாராவாரம் ரத்தம் பார்த்து, சோகை ஏறினால் நிறுத்தச் சம்மதிப்பவர் கொடுக்கட்டும். சம்மதிக்காதவரிடம், மாத்திரையை யாருக்காக வாங்கினீர்கள் என்று கேட்பேன்.