காட்டும் ஒளியும் காணும் கருவியும்

பெங்களூரின் ஓசூர் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் ஹெப்பகோடி என்ற தொழிற்பகுதி. இப்படிப்பட்ட தொழிற்பேட்டைகளில் ஒளியை உணரும் சில்லுகளுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலானவற்றுக்குக் கம்பி வழியாகவோ பேட்டரியிலிருந்தோ மின்சாரம் வர வேண்டும். அது இல்லாமலே ஒளியை உணரும் கருவிகளை, சில அணுக்களே தடிமனான ஏடுகளிலிருந்து இப்போது ஆய்வுக்கூடங்களில் செய்கிறார்கள். பொறியாளருக்கு இதில் பேட்டரிச் செலவு மிச்சம். எனக்கோ இது தத்துவத்தின் பழைய வழக்கு ஒன்றுக்குப் புதிய சாட்சியாகப் படுகிறது: அறிபவர் அறியும் ஆற்றலை எங்கிருந்து பெறுகிறார்?

கருவியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மாலிப்டினம் டைசல்பைடு என்ற கனிமம் ஏடு ஏடாக உரியும். ஓர் ஏட்டின் தடிமன் சுமார் 0.65 நானோமீட்டர், நடுவில் மாலிப்டினம், இருபுறமும் கந்தகம் என மூன்றே அணு அடுக்குகள். இப்படித் தனியே உரித்த ஏடு, கட்டியாக இருக்கும் கனிமத்தைவிட நன்றாக ஒளிர்கிறது என்பது 2010இல் தெரியவந்தது. இதன்மேல் டங்ஸ்டன் டைசெலினைடு ஏடு ஒன்றை வைத்தால், இரண்டின் ஆற்றல் மட்டங்களும் வேறுவேறு என்பதால் எலக்ட்ரான்கள் ஒன்றிலிருந்து மற்றதற்கு நகர்ந்து ஒரு சமநிலையில் நிற்கின்றன. அந்த நகர்வு எல்லையில் ஒரு மின்புலத்தை விட்டுச் செல்கிறது. ஒளி பட்டதும் பிறக்கும் எலக்ட்ரான் ஒரு பக்கமும், அது விட்டுப்போன துளை மறுபக்கமும் பிரிகின்றன. வெளியிலிருந்து மின்னழுத்தம் ஏதும் தராமலே மின்னோட்டம் பாய்கிறது. ஆக, உணர்வதற்கான ஆற்றலைத் தருவதே உணரப்படும் ஒளிதான். ஆனால் ஒளி மட்டும் போதாது. இரண்டு ஏடுகளும் எல்லா வகையிலும் ஒன்றாகவே இருந்திருந்தால் மின்புலம் இராது. பிறந்த எலக்ட்ரான் அதே துளையில் விழுந்து மறைந்திருக்கும்.

இனி அந்தப் பழைய வழக்கு. நியாய தரிசனத்தார், கண்ணிலிருந்து ஒரு கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்றார்கள். பிளேட்டோவும் ஏறக்குறைய அப்படியே நினைத்தார். பதினோராம் நூற்றாண்டில் இப்னு அல்-ஹைதம் ஒளி வெளியிலிருந்து கண்ணுக்குள் வருகிறது என்று சோதனைகளோடு நிறுவினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் சிவஞானபோதம் இந்த வழக்கை வேறொரு தளத்துக்கு எடுத்துச் சென்றது. கண்ணுக்குக் காணும் தன்மை உண்டு. ஆனாலும் உயிர் உடன்நின்று காட்டாமல் அது எதையும் காணாது. அதேபோல் உயிருக்கு அறியும் தன்மை உண்டு. ஆனால் இறைவன் காட்டாமல் அது அறியாது. இதையே சைவ சித்தாந்தம் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என இரண்டாக விரிக்கிறது. உயிர் வெறும் சடமும் அல்ல, தானே முழுதும் ஒளிர்வதும் அல்ல. இந்த நடுநிலை பலருக்கு மழுப்பலாகத் தோன்றியதுண்டு. சார்ந்திருப்பது எப்படிச் சடமாகாமல் இருக்கும் என்று கேட்பார்கள். அந்த ஏடுகள் அதற்கு ஓர் உருவம் தருகின்றன: ஆற்றல் முழுவதும் வெளியிலிருந்து, அதை அறிகுறியாக மாற்றும் அமைப்போ உள்ளே. இருட்டிலும் அந்த மின்புலம் அப்படியே இருக்கிறது, எதையும் காணாமல்.

உயிருள்ள கண் இப்படி வேலை செய்வதில்லையே என்று உயிரியல் அறிந்தவர் மறுக்கலாம். சரிதான். விழித்திரையின் கோல் செல்களில் இருட்டில்தான் மின்னோட்டம் ஓயாமல் ஓடுகிறது. ஒளி பட்டதும் குறைகிறது. கண் தன் செலவில் காண்கிறது. ஆனால் அந்தச் செலவுக்கான சோறும் பயிரின் இலையில் பட்ட வெயில்தான். கடன் முந்தைய பருவத்தில் வாங்கியது, அவ்வளவே. இந்த மறுப்பில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. வெளியிலிருந்து மின்சாரம் பெறும் கருவி பலமடங்கு கூர்மையாகக் காணும். பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் கிராஃபீனையும் மாலிப்டினம் டைசல்பைடையும் இணைத்துச் செய்து 2013இல் வெளியிட்ட கருவி, அறை வெப்பநிலையில் ஒரு வாட் ஒளிக்கு 50 கோடி ஆம்பியர் என்ற விகிதத்தில் பதில் தந்தது. வெளி மின்சாரம் இல்லாத கருவி, செந்நிற ஒளியில் குறையே இல்லாமல் இயங்கினாலும், ஒரு வாட்டுக்குச் சுமார் அரை ஆம்பியர்தான் தரும். ஏனெனில் அதில் வழக்கமாக ஓர் ஒளித்துகளுக்கு ஓர் எலக்ட்ரான்தான் கணக்கு. ஆனால் அந்தக் கூர்மையான கருவியில் ஒளி போன பின்னும் அதன் தடம் மின்னோட்டமாகத் தங்குகிறது. ஆய்வாளர்கள் அதையே நினைவகமாகப் பயன்படுத்தினார்கள். அழிக்க வேண்டுமானால் தனியே ஒரு மின்துடிப்பு தர வேண்டும். வாசனை என்று நம் நூல்கள் பேசுவதை, அதாவது பழைய அனுபவம் விட்டுச் செல்லும் பதிவை, இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருளை நான் அறியேன். வெளி மின்னழுத்தம் இல்லாத கருவியோ, ஒளி இல்லாதபோது ஏறக்குறைய மௌனமாக இருக்கிறது.

அத்வைதியின் மறுப்பு இன்னும் வலுவானது. இந்தக் கருவி அந்தக்கரணத்துக்குத்தான் ஒப்பு. மனம் இரவல் ஒளியில் இயங்குகிறது என்று நாங்களும்தானே சொல்கிறோம், தானே ஒளிர்வது ஆன்மா மட்டுமே என்பார் அவர். மனத்தைப் பொறுத்தவரை இதை ஏற்கிறேன். ஆனால் முடிவில் காண்பவரும் காட்டுவதும் ஒன்றே என்ற நிலையில் காட்சி எப்படி நிகழும் என்பதற்கு இந்த ஏடுகளில் விடை இல்லை. வேறுபாடு நீங்கினால் மின்புலம் நீங்கும். மின்புலம் நீங்கினால் எத்தனை ஒளி பொழிந்தாலும் மின்னோட்டமானியின் முள் அசையாது. கருவி எதையும் அறிவதில்லை, அதிலிருந்து ஆன்மாவைப் பற்றி நிரூபணம் எடுக்கக் கூடாது என்பதும் நியாயமே. நான் நிரூபணம் கேட்கவில்லை. சார்ந்திருப்பது சடமாகத்தான் இருக்க வேண்டும் என்ற ஒரு தடை விலகுகிறது என்கிறேன். அந்த ஒளி யாருடையது என்ற கேள்விக்கு இயற்பியலில் இடமில்லை. சித்தாந்த வகுப்பெடுப்பவர்கள் சிவஞானபோதத்தின் பதினோராம் சூத்திரத்துக்கு வரும்போது, பழைய கண் உவமையோடு இந்த இரண்டு ஏடுகளையும் மாணவர்களுக்குச் சொல்லிப் பாருங்கள்.