போதும் என்று சொல்வது யார்?

பர்ளு கிஃபாயா என்னும் சமுதாயக் கடமையை நம்மில் அறியாதார் இலர். போதுமானவர்கள் அதனை நிறைவேற்றிவிட்டால் ஏனையோர் பொறுப்பினின்றும் நீங்குவர்; எவருமே நிறைவேற்றாவிடில் ஊரார் அனைவரும் குற்றத்துக்கு ஆளாவர். ஜனாஸாத் தொழுகையையே நாம் இதற்கு வழக்கமாக எடுத்துக்காட்டுவோம். மருத்துவக் கல்வியும் இவ்வகைக் கடமையே என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் தெளிவுற எழுதியுள்ளார்கள். பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவரேனும் இல்லாதிருக்க, பிக்ஹுத் தர்க்கங்களைக் கற்க மட்டும் மக்கள் முண்டியடிப்பதையும் அவர்கள் கடிந்துரைத்தார்கள்.

ஜனாஸாத் தொழுகைக்குச் சிலர் போதும். மருத்துவத்துக்கு எத்தனை பேர் போதும்? இதற்கு விடை காணாமல் அக்கடமை நிறைவேறிற்று என்று எவரும் கூற இயலாது. ஆகவே, வருங்காலத்துக்கு வேண்டிய மருத்துவரையும் செவிலியரையும் முன்கூட்டிக் கணக்கிடுவது அக்கடமையின் ஒரு பகுதியே ஆகும். நம் நாட்டில் ஒரு மருத்துவர் உருவாக ஐந்தரை ஆண்டுகள் ஆகின்றன. சிறப்பு மருத்துவராக மேலும் மூன்றாண்டுகள். இன்று விதைக்காதவர் நாளை அறுவடையை எதிர்பார்த்தல் வீண்.

ஆயினும் கணக்கைக் கண்டதும் மயங்கிவிடலாகாது. மருத்துவர், செவிலியர், மருத்துவச்சியர் ஆகியோர் ஆயிரம் மக்களுக்கு 2.28 பேர் இருத்தல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2006இல் கூறிற்று. 2016இல் அதே நிறுவனம் 4.45 பேர் என்றது. நம் கடலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 26 லட்சம். முதல் அளவுகோலின்படி சுமார் 5,900 பேர் போதும். பின்னையதன்படி சுமார் 11,600 பேர் வேண்டும். முன்னைய அளவு பெரும்பாலும் பிரசவ உதவியையே கருதிற்று. பின்னையது காசநோய், நீரிழிவு, இரத்த அழுத்தம், கண்புரை முதலியவற்றையும் சேர்த்துக்கொண்டது. ஏழைக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்று நாம் தீர்மானித்த பின்னரே ‘போதும்’ என்னும் எண் பிறக்கிறது.

இங்கே ஒரு சொல் நம்மை ஏமாற்றக்கூடும். பொருளியலார் ‘தேவை’ என்று கூறுவது நோயாளியின் தேவையை அன்று. சம்பளம் கொடுத்துப் பணியமர்த்தும் சக்தியை. 2030இல் உலகில் சுகாதாரப் பணியாளருக்கான தேவை 8 கோடியாகவும், கிடைப்போர் 6.5 கோடியாகவும் இருப்பர் என்று 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மிக ஏழை நாடுகளில் நோய் மிகுந்திருந்தும் பணியிடங்களுக்குப் பணம் இராது. ஆதலால் படித்த செவிலியர் வேலையின்றியும், நோயாளிகள் செவிலியரின்றியும் ஒரே ஊரில் இருக்க நேரும் என்று அவ்வாய்வாளர்களே எச்சரித்தனர். ஒருநாள் கூலியை இழக்க அஞ்சி மருத்துவமனைக்கு வராத பரங்கிப்பேட்டை மீனவரின் நோயும், கிள்ளையில் வயல்வேலை செய்யும் தாயின் நோயும் இத்தகைய ‘தேவை’க்குள் அடங்கா.

பஞ்சம் வருமுன் ஏழாண்டு விளைச்சலைக் கதிரோடு சேமிக்கச் சொன்ன நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நோக்குக. தானியம் வாங்க வந்த சகோதரர்கள் கொடுத்த பொருளை அவர்களுடைய மூட்டைகளிலேயே திரும்ப வைக்கச் செய்தார்கள். பின்னர் அற்பச் சரக்குடன் வந்தபோதும் அச்சகோதரர்கள் முழு அளவையே வேண்டி நின்றனர். கையிலிருந்த பொருள் சிறிது, பசியோ முழுமையானது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே நீதியான கணக்கு.

இனி, கணக்கில் ஒன்றாகத் தோன்றும் இடங்களும் உண்மையில் ஒன்றல்ல. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 1985இல் தொடங்கப்பெற்றது. கட்டணக் குறைப்பு வேண்டி மாணவர்கள் நெடுநாள் போராடிய பின், 2021இல் அது மாநில மக்கள் நல்வாழ்வுத் துறையின்கீழ் வந்து கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று. கல்லூரி அதுவே. ஆனால் கடன் வாங்கிப் படித்தவர், அக்கடனை அடைக்கப் பெருநகரையோ வெளிநாட்டையோ நாடுதல் இயல்பு. குறைந்த கட்டணத்தில் படித்தவர் தம் ஊருக்கருகில் பணியாற்ற நினைக்கவாவது இயலும். எத்தனை பேர் படித்தனர் என்பதோடு, எத்தனை பேர் நம் மக்களிடையே நிலைத்தனர் என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

அரசின் பொறுப்பு இங்குப் பெரிது. ஆயினும் நம் இல்லங்களும் இக்கணக்குக்கு வெளியே இல்லை. நம் பெண்டிரின் பிரசவத்துக்குப் பெண் மருத்துவரும் பெண் செவிலியரும் வேண்டும் என்கிறோம். அவர்கள் யாருடைய புதல்வியர்? நம் புதல்வியரைச் செவிலியர் கல்விக்கு அனுப்பத் தயங்கி, பிறர் வீட்டுப் பெண்களின் தொண்டை மட்டும் எதிர்பார்ப்பது எவ்விதத்தில் நியாயம்? அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு மருந்திட்ட ருஃபைதா (ரலி) அம்மையாரின் கூடாரம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலிலேயே அமைந்திருந்தது. அத்தகைய பணியை இழிவென்று எண்ண நமக்கு ஆதாரம் ஏது?

நோயாளி ஒருவர் மருத்துவரின்றி வருந்தும்வரை ‘போதும்’ என்னும் சொல்லை நாம் சொல்ல உரிமையில்லை, அவரே சொல்லவேண்டும்.