செவ்வாய்க் கல்லும் நம் விருப்பமும்

தென்துருவப் பனிப்பாலை. 1984 டிசம்பர் 27. ஆலன் குன்றுகள் எனப்படும் இடத்தருகே, வெண்பனியின் நடுவே தனித்துக் கிடந்த கல் ஒன்றைக் கண்டெடுத்தார் ராபர்ட்டா ஸ்கோர் என்னும் அமெரிக்கப் பெண்மணி. எடை இரண்டு கிலோவுக்குச் சற்றே குறைவு. வானிலிருந்து வீழ்ந்த கல் என்பது தெரிந்தது. எந்த வீட்டுப் பிள்ளை என்பது தெரியவில்லை. இனம் தவறாகக் குறிக்கப்பட்டு, அலமாரியில் உறங்கிற்று. ஒன்பதாண்டுகள் சென்றபின், 1993-இல்தான், அது செவ்வாயின் பிள்ளை என்று கண்டனர்.

400 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயது அதற்கு. ஏறத்தாழ ஒரு கோடியே அறுபது இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு விண்பாறை செவ்வாயை மோத, அந்த வேகத்தில் தெறித்து, வெற்று வெளியிலே அலைந்து, சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் நம் பூமியின் பனியிலே வந்து விழுந்த கல். புராணிகர் கையில் கிடைத்திருந்தால் இதற்கொரு கோயிலும் ஒரு தலபுராணமும் எழும்பியிருக்கும்! ஆராய்ச்சியாளர் கையில் கிடைத்தது, அறுத்துப் பார்த்தனர்.

1996 ஆகஸ்டில் டேவிட் மெக்கேயும் அவருடைய தோழர்களும் அறிவித்தனர்: இக்கல்லினுள் கார்பனேட் உருண்டைகள் உள்ளன, கரிமச் சேர்மங்கள் உள்ளன, நுண்ணுயிர்கள் உண்டாக்குவன போன்ற காந்தத் துகள்கள் உள்ளன, மின்னணு நுண்ணோக்கியில் புழுப்போன்ற வடிவங்களும் தெரிகின்றன. ஒவ்வொன்றுக்கும் வேறு விளக்கம் இருக்கலாம். ஆனால் நான்கும் ஒருசேர ஒரே இடத்தில் இருப்பதை நோக்கினால், பண்டைய உயிரின் தடயம் என்றே எமக்குப் படுகிறது என்றனர். வெள்ளை மாளிகைப் புல்வெளியில் நின்று குடியரசுத் தலைவர் கிளிண்டன் அதுபற்றிப் பேசினார். உலகமே ஒருகணம் அண்ணாந்து பார்த்தது.

அறிவித்த அந்த மேடையிலேயே, அதே நாளில், மறுப்புரைக்கவும் ஒருவருக்கு இடந்தந்தார்கள். அவர் வில்லியம் ஷாப், தொல்லுயிர் ஆய்வில் பெரும்புலவர். சான்று போதாது என்றார். எந்த மடாதிபதியாவது தம் பீடத்திலேயே மறுப்பாளருக்கு ஒரு நாற்காலி போட்டதுண்டோ?

பின்னர் நடந்தது நெடிய வழக்கு. புழு வடிவங்கள் மிக மிகச் சிறியன. ஓர் உயிரணுவுக்கு வேண்டிய சரக்கெல்லாம் அதற்குள் அடங்காது என்றனர் சிலர். காந்தத் துகள்கள் மோதலின் வெப்பத்தாலும் விளையும் என்றனர் வேறு சிலர். 2022-இல் ஆண்ட்ரூ ஸ்டீல் குழுவினர், கரிமச் சேர்மங்கள் பாறையும் நீரும் வினைபுரிந்ததாலேயே உண்டாகியிருக்கின்றன, உயிரை அழைக்கத் தேவையில்லை என்று காட்டினர். மெக்கே 2013-இல் மறையும்வரை தம் கருத்தை விடவில்லை. ஆனால் ஆராய்ச்சியாளரிற் பெரும்பாலோர் இன்று அக்கல்லைச் சான்றாகக் கொள்வதில்லை.

தோழர்களே, இதில் மெக்கேயைப் பார்த்து நகைப்பதற்கு ஒன்றுமில்லை. நகைப்பதானால் வரிசை நீளும். பெர்சிவல் லோவல் 1894-இல் அரிசோனாவில் வானாய்வுக்கூடம் நிறுவி, செவ்வாயின் மீது கால்வாய்களைக் கண்டார், அறிவுடையோர் வெட்டியவை என்று ஆணையிட்டுக் கூறினார், நூல்கள் எழுதினார். 1965-இல் மாரினர் 4 விண்கலம் அருகே சென்று படமெடுத்தது. கால்வாய் இல்லை, அம்மைத் தழும்புபோலக் குழிகளே இருந்தன! லோவல் பொய்யர் அல்லர். செல்வத்தையும் உழைப்பையும் அதற்கே தந்தவர். காண விரும்பியதைக் கண்டார், அவ்வளவே. பொய்யனைத் திருத்துவதினும் இத்தகைய நேர்மையாளனைத் திருத்துவது கடினம்.

அத்துணை தொலைவு போவானேன்? நம் காலடியில் கிடக்கும் பாறைகளிலேயே இந்த வழக்குத் தீரவில்லை. மேடையில் ஐயமெழுப்பிய அதே ஷாப், 1993-இல் மேற்கு ஆஸ்திரேலியப் பாறையொன்றில் ஏறத்தாழ 346 கோடி ஆண்டு பழைய நுண்ணுயிர்ப் படிவங்களைக் கண்டதாக எழுதியிருந்தார். பாடநூல்களில் ஏறிய செய்தி அது. 2002-இல் மார்ட்டின் பிரேசியர், அவை உயிரின் படிவங்களே அல்ல, வெந்நீர் ஓட்டத்தால் விளைந்த கனிமக் கோலங்கள் என்றார். ஐயுற்றவரையே ஐயம் வந்து பற்றிற்று! கிரீன்லாந்தில் 370 கோடி ஆண்டு பழைய உயிர்த்தடம் என்று 2016-இல் சொல்லப்பட்டதை, 2018-இல் அபிகயில் ஆல்வுட் நேரில் சென்று பார்த்து, பாறை நசுங்கி மடிந்ததால் தோன்றிய வடிவம் என்றார். சுத்தியலோடு சென்று தொட்டுப் பார்க்கக்கூடிய கல்லிலேயே இந்நிலை என்றால், கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கல்லில்?

ஆயினும் தேடத்தான் வேண்டும். பூமி தன் இளமைக் காலத்து ஏடுகளைத் தானே கிழித்துவிட்ட கோள். நிலத்தட்டுகள் நகர்ந்து, அமிழ்ந்து, உருகி, பழம்பாறைகளில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. செவ்வாயில் அந்தச் சுழற்சி இல்லை. 350 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆறு ஓடிற்று, ஏரி நிறைந்தது. அந்தச் சேறு கல்லாகி இன்னும் மேற்பரப்பிலேயே கிடக்கிறது. உயிர் எவ்வாறு தொடங்கிற்று என்னும் கதையின் முதல் அத்தியாயம் நம் வீட்டில் தொலைந்து, பக்கத்து வீட்டில் கிடைத்தாலும் கிடைக்கலாம்.

அதனாற்றான் பெர்சிவரன்ஸ் ஊர்தி 2021 பிப்ரவரி 18-இல் ஜெசீரோ என்னும் 45 கிலோமீட்டர் அகன்ற பெருங்குழியில் இறங்கிற்று. 2024 ஜூலையில், பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒன்றில், அம்புமுனை வடிவான செந்நிறப் பாறையை அது கண்டது. சேயாவா அருவி என்று அதற்குப் பெயரிட்டனர். பாறைமீது சிறுத்தையின் உடற்புள்ளிகள் போன்ற வெளிறிய புள்ளிகள். சுற்றிலும் கரிய விளிம்பு. கரிமப் பொருளின் அறிகுறியும் இருந்தது. இரும்பு பாஸ்பேட், இரும்பு சல்பைடு ஆகிய கனிமங்கள் அப்புள்ளிகளில் இருப்பதாக ஆய்வு காட்டுகிறது. பூமியில் இத்தகைய இணைப்பைச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள், இரும்பையும் கந்தகத்தையும் கொண்டு உயிர்த்தொழில் நடத்தும்போது விட்டுச் செல்வதுண்டு. உயிரின்றியும் அவை விளையும். ஆனால் அதற்குப் பெரும்பாலும் மிகுந்த வெப்பம் வேண்டும், அப்பாறை வெந்ததற்கு அடையாளம் காணோம். கனிமங்களின் கூறுகளை அளந்த எக்ஸ்-கதிர்க் கருவிக்கு முதன்மை ஆய்வாளராய் அமைந்தவர் யார் தெரியுமா? கிரீன்லாந்துச் செய்தியை மறுத்த அதே ஆல்வுட்!

2025 செப்டம்பரில் இவ்வாய்வு 'நேச்சர்' இதழில் வந்தது. உயிர் இருந்தது என்று அதில் இல்லை. உயிரின் அடையாளமாக இருக்கக்கூடும் என்றே இருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அச்செய்தி வந்த மறுநாள், மகிழ்ச்சிப் பெருக்கில், பள்ளிச் செய்திப்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் பெரிதாக எழுதினோம்: "செவ்வாயில் உயிர் இருந்தது!" உள்ளுக்குள் இருந்த எண்ணத்தை மறைப்பானேன்? படைத்தவன் ஒருவன், படைக்கப்பட்ட உலகம் ஒன்று என்று ஓதுவோர் வாயடைக்க ஓர் ஆயுதம் கிடைத்தது என்னும் களிப்புத்தான். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, செய்தித்தாளை மடித்துக் கையில் பிடித்தபடி வந்து கேட்டாள்: "ஐயா, இதில் 'இருந்திருக்கக்கூடும்' என்று போட்டிருக்கிறதே, பலகையில் 'இருந்தது' என்று எழுதியிருக்கிறீர்களே?"

விடை சொல்ல நா எழவில்லை. செவ்வாய் தோஷம் என்று சொல்லிப் பெண்களின் வாழ்வை முடக்கும் சோதிடனை எத்தனை மேடைகளில் சாடியிருக்கிறோம்! அவன் தனக்கு ஆதாயமானதைக் கோளின்மீது ஏற்றிச் சொல்கிறான். நாம் நமக்கு ஆதாயமானதை அதே கோளின்மீது ஏற்றிச் சொன்னோம். அவன் கெடுக்கிறான், நாம் கெடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தப் பெண் கேட்டது அதையன்று.

நண்பர் ஒருவர் வாதிட்டார்: "எதிரி ஒருபோதும் 'கூடும்' என்பதில்லை. அடித்துப் பேசுகிறான்; கூட்டம் கைதட்டுகிறது. நாம் மட்டும் 'கூடும், கூடும்' என்று இழுத்துக்கொண்டிருந்தால் மேடையில் தோற்போமே?" எளிதில் தள்ளக்கூடிய கேள்வியன்று இது. தோற்கக்கூடும், தோற்றும் இருக்கிறோம். ஆனால் செவ்வாய்ப் புள்ளிகளை நம்பியா நம் வாதம் நிற்கிறது? அங்கே உயிரே இருந்ததில்லை என்று நாளை மெய்ப்பிக்கப்பட்டாலும், சாதி பொய்யே, சடங்கு வீணே. உயிர் இருந்தது என்று மெய்ப்பிக்கப்பட்டாலோ, "பதினான்கு உலகம் உண்டென்று எங்கள் முன்னோர் அன்றே சொன்னார்கள்" என்று புராணிகர் முதல் வரிசையில் வந்து அமர்வார்! ஆகவே நாம் சேர்க்க விரும்பிய ஆயுதம் ஆயுதமுமன்று. வேண்டாத ஒன்றுக்காக ஒரு சொல்லை விழுங்கினோம்.

ஒரு கருத்து நமக்குப் பிடிக்காதபோது ஆயிரம் கேள்வி கேட்கிறோம். அது நமக்கு இனிக்கும்போது எத்தனை கேட்கிறோம்? பகுத்தறிவாளன் என்று பெயர் சூட்டிக்கொண்டவர் ஒவ்வொருவரும், நாம் உட்பட, இக்கணக்கைத் தனித்திருந்து எழுதிப் பார்க்கலாம்.

சேயாவா பாறையிலிருந்து ஊர்தி துளைத்தெடுத்த துண்டு, 'நீலமணிப் பள்ளத்தாக்கு' என்னும் பெயரோடு, விரல் பருமனுள்ள குழாயொன்றில் மூடிவைக்கப்பட்டிருக்கிறது. பூமிக்குக் கொண்டுவந்து ஆய்ந்தாலொழிய வழக்கு முடியாது. கொண்டுவரும் திட்டத்துக்கு 1,100 கோடி டாலர்வரை ஆகும் என்று 2024-இல் கணக்கிட்டபோதே அமெரிக்கா மலைத்து நின்றது. சீனாவோ தன் சொந்த விண்கலத்தை 2028 வாக்கில் அனுப்பி, வேறோர் இடத்துக் கல்லைக் கொண்டுவரத் திட்டமிட்டிருக்கிறது. யார் முந்துவார் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் குழாய்க்குள் இருப்பது வெறுங் கனிமமே என்று தெரியவந்தால், அந்த முடிவையும் அதே பலகையில் அதே அளவு எழுத்தில் எழுதித் தருவதாக அந்த மாணவிக்குச் சொல்லியிருக்கிறோம். அன்று அவள் பள்ளியை விட்டுப் போயிருப்பாள். பலகையைத் துடைத்துவிட்டு, "இருந்திருக்கக்கூடும்" என்று அவளையே எழுதச் சொன்னோம். இடம் போதாமல் கடைசி இரண்டு எழுத்துகளை ஓரத்தில் நெருக்கி எழுதினாள்.