தந்தையில்லாப் பிறவியும் தனித்த உயிரும்



உயிர்கள் பிறப்பெடுக்கும் வகை மூன்றென்று தத்துவார்த்த சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் வகுத்துரைக்கிறது. தேவரும் நாரகரும் பிறப்பது உபபாதம். தாய் வயிற்றிலோ முட்டையிலோ கருவாகிப் பிறப்பது கர்ப்பம். தாய் தந்தையர் இன்றிச் சுற்றிலுமுள்ள புத்கலங்களைத் திரட்டி உடலாக்கிக்கொள்வது சம்மூர்ச்சனம். இதனை ஓதி உணர்ந்தோர் சிலர் ஒரு வினா எழுப்புகின்றனர்: “ஆணும் பெண்ணும் கூடினாலன்றிப் பிறவாத விலங்கினங்களில், ஆணின்றியே குஞ்சு பிறப்பதாக விஞ்ஞானிகள் கூறுகின்றனரே, அது சம்மூர்ச்சனம் ஆகுமா?”

விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. குற்றாலச் சாரல் தென்காசி வீதிகளை நனைக்கும் ஆனி, ஆடித் திங்களில் பூந்தொட்டியைப் பெயர்த்தால், அரையடி நீளமே உள்ள கரிய பளபளப்பான பிராணி ஒன்று நெளிந்தோடக் காணலாம். மண்புழு என்பார் சிலர். காதில் புகும் செவிப்பாம்பு என்றஞ்சி நசுக்குவார் சிலர். இரண்டும் பிழை. அது நஞ்சற்ற புழுப்பாம்பு. எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டையும் புழுவும் அதன் உணவு. 1803-இல் தோதேன் என்னும் பிரெஞ்சு அறிஞர் அதற்கு அறிவியற்பெயர் இட்டார். தொட்டிச் செடிகளின் மண்ணோடு அது கடல் கடந்து பல கண்டங்களுக்கும் பரவியுள்ளது.

பாம்பினம் பொதுவாக ஆண் துணை வேண்டுவது. இப்பாம்பிலோ, ஆராய்ந்தோர் கண்டவை யாவும் பெண்ணே. தாயின் கருமுட்டை தானே வளர்ந்து குஞ்சாகிறது. இதனைக் கன்னி இனப்பெருக்கம் என்பர். ஒரு தொட்டியில் ஒன்றே சென்றாலும் அங்கே ஒரு குலம் தொடங்கிவிடும். இங்கிலாந்தின் செஸ்டர் விலங்கியல் பூங்காவில் ஆணோடு சேர்ந்திராத கொமோடோ உடும்பு கருவுள்ள முட்டைகளை இட்டமை 2006-இல் வெளியாயிற்று. கலிபோர்னியாவின் காண்டார் கழுகுக் குஞ்சுகள் இரண்டுக்குத் தந்தை இல்லை என்பதை 2021-இல் மரபணு ஆய்வு காட்டிற்று. அவற்றின் தாய்ப்பறவைகளோ ஆண் துணையோடு வாழ்ந்தவை!

இது சம்மூர்ச்சனம் அன்று. தாயும் முட்டையும் உண்டல்லவா? சுக்கில சோணிதச் சேர்க்கை என்னும் கர்ப்ப இலக்கணத்தோடும் இது முற்றும் பொருந்தவில்லை. புதுச் செய்தி கிடைத்தவுடன் அதனை ஆகமத்துக்குச் சான்றென இழுத்துக் கட்டுதல் தகாது. நாம் கொள்ளவேண்டிய பாடம் வேறு.

தாய் தந்தையர் தருவது உடலுக்குரிய பொருளை மட்டுமே. உயிரை எவரும் எவருக்கும் தருவதில்லை. அது தன் வினையின் வழியே வந்து உடலிற் புகுகிறது. இருவர் தந்த உடலாயினும் ஒருத்தி தந்த உடலாயினும் உயிருக்கு அதனால் ஏற்றமுமில்லை, தாழ்வுமில்லை. புழுப்பாம்பின் குஞ்சு தாயின் மரபணுக்களையே பெறுவதால் உடலளவில் தாயின் நகல் போன்றது. உயிரோ நகலன்று. தாயின் வினையைக் குஞ்சு நுகராது. குஞ்சின் வேதனையைத் தாய் நுகராது. “ஒன்று போனால் அதே போல் இன்னொன்று” என்னும் கணக்கு உடலுக்குப் பொருந்தலாம், உயிருக்குப் பொருந்தாது.

மண்புழு ஈரறிவுயிர். புழுப்பாம்பின் செதிலுக்கடியில் ஒளியும் இருளும் உணரும் இரு கண்கள் கரும்புள்ளிகளாய் உள்ளன, அது ஐயறிவுயிர். கழுகுமலையில் பார்சுவநாதர் திருமுடிமேல் படம் விரித்த நாகத்தைக் கண்டு கைகூப்பும் நாம், முற்றத்து மண்ணில் நெளியும் சிறு பாம்பின்மேல் வெந்நீர் ஊற்றலாமோ?

மழைக்காலத்தில் சிற்றுயிர்கள் மிகும் என்றே முனிவர்கள் சாதுர்மாசியத்தில் ஓரிடத்தில் தங்குகின்றனர். அணுவிரதம் ஏற்ற இல்லறத்தார் அந்நாட்களில் மண்ணைக் கிளறுமுன் ஒருகணம் நின்று நோக்குக. பாம்பு தென்படின் இலையில் ஏந்தி, ஈரமுள்ள நிழல் மண்ணில் விடுக. கவனக்குறைவாகிய பிரமாதமே ஹிம்சையின் வேர். அதனை அறுப்போர்க்கு அறம் துணையாகும்.

அறம் வளர்க!